தரையோடு தரையாக: அனுமன் உப்புக்கொத்தியைப் படமெடுக்கச் செய்த தரைத்தட்டும் தனுஷ்கோடியில் ஒரு நாளும்

கரையோரப் பறவைகளைப் படமெடுப்பவர்கள் கூடினால் பேச்சு பெரும்பாலும் லென்ஸின் நீளத்தைப் பற்றியதாகவே இருக்கும். 400 மி.மீ. போதுமா, 600 வேண்டுமா, லென்ஸின் எட்டத்தைக் கூட்டும் கன்வெர்ட்டர் போட்டால் கூர்மை குறையுமா என்று மணிக்கணக்கில் பேசுவார்கள். அந்த லென்ஸைத் தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் வைப்பது என்று கேட்பவர்கள் குறைவு. கடற்கரையின் சிறு பறவைகளைப் பொறுத்தவரை நீளத்தைவிட உயரமே படத்தைத் தீர்மானிக்கிறது என்பது என் கருத்து. அதைச் சோதித்துப் பார்ப்பதற்காகவே, கேமராவைத் தரையோடு ஒட்டி வைத்துத் தள்ளிக்கொண்டு போக உதவும் ஒரு தரைத்தட்டைச் செய்து எடுத்துக்கொண்டு, பிப்ரவரி மாதக் கடைசியில் ஒரு நாள் நண்பரோடு தனுஷ்கோடிக் கரைக்குப் போனேன். அதைச் செய்த விதத்தையும், அது அன்று பயன்பட்ட விதத்தையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

கணக்கு எளியது. லென்ஸ் ஒன்றரை மீட்டர் உயரத்தில், அதாவது நிற்கும் மனிதனின் கண் மட்டத்தில் இருக்கிறது. 15 மீட்டர் தொலைவில் 15 செ.மீ. உயரமுள்ள ஒரு பறவை நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். பறவையின் தலையை உரசிக்கொண்டு செல்லும் பார்வைக் கோடு, பறவைக்குப் பின்னால் ஏறத்தாழ 1.7 மீட்டரில் மண்ணைத் தொட்டுவிடும். ஆகவே படத்தின் பின்னணி என்பது அந்த மண்தான். அதில் கிடக்கும் சிப்பித் துண்டு, காய்ந்த கடற்புல், நெகிழிக் கயிறு எல்லாம் அரைகுறைத் தெளிவோடு படத்துக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். அதே லென்ஸை 20 செ.மீ. உயரத்துக்கு இறக்கினால், அதே கோடு பறவைக்குப் பின்னால் 45 மீட்டர் போன பிறகுதான் தரையைத் தொடும். அத்தனை தொலைவில் உள்ள எதுவும் 600 மி.மீ. லென்ஸில் உருவம் காட்டாது. நிறமாக மட்டும் கரைந்து நிற்கும். லென்ஸுக்கு இன்னும் ஒரு லட்சம் செலவழித்தாலும் கிடைக்காத பின்னணி, மண்ணில் படுத்தால் செலவில்லாமல் கிடைக்கிறது.

இதற்கு அனுமன் உப்புக்கொத்தியைத் தேர்ந்ததற்கும் காரணம் உண்டு. இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் கூடு கட்டும் இந்தச் சிறு பறவையை நெடுங்காலம் கெண்டிஷ் உப்புக்கொத்தியின் ஒரு துணையினமாகவே கருதி வந்தார்கள். மரபணு, உடலளவு, நிறம் ஆகியவற்றின் அடிப்படையில் 2023இல்தான் இது தனி இனமாக ஏற்கப்பட்டது. இதன் வாழிடம் இராமர் பாலத்தின் இருபுறமும் பரவியிருப்பதால் அனுமனின் பெயரைச் சூட்டினார்கள். குளிர்காலத்தில் வடக்கிலிருந்து வரும் கெண்டிஷ் உப்புக்கொத்திகளும் இதே மணலில் ஓடுவதால், இரண்டையும் பிரித்தறிவது அவ்வளவு எளிதல்ல. அலகுக்கும் கண்ணுக்கும் இடைப்பட்ட பகுதி முக்கிய அடையாளம்: இனப்பெருக்கக் கால ஆண் கெண்டிஷ் பறவைக்கு அங்கே கருங்கோடு இருக்கும், அனுமன் உப்புக்கொத்திக்கு அந்த இடம் வெண்மையாக இருக்கும். உடலும் இறக்கையும் அலகும் சற்றுச் சிறியவை. மேலிருந்து எடுத்த படத்தில் நெற்றியும் உச்சியும் தெரியுமே தவிர, இந்தப் பகுதி சரிவாகச் சுருங்கிவிடும். பறவையின் கண் மட்டத்தில் பக்கவாட்டில் எடுத்த படம்தான் அடையாளத்துக்கு உதவும். அழகுக்கும் அடையாளத்துக்கும் ஒரே தீர்வு என்றால் அதற்காக மண்ணில் புரளலாம்.

இனி தட்டு. என் நண்பர் இராமநாதபுரத்தில் லேத் பட்டறை வைத்திருப்பவர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர் என்பதால் அண்ணன் என்றே அழைப்பேன். வரைபடம் ஏதுமின்றி நான் கையால் காட்டிய அளவை அவர் பார்த்துவிட்டு, "இதுக்கு எதுக்குத் தம்பி புதுசா தகடு வளைக்கணும், பாத்திரக் கடையில அலுமினியத் தாம்பாளம் ஒண்ணு வாங்கிட்டு வாங்க" என்றார். அதுவே சரியான ஆலோசனை. அடி தட்டையாகவும் ஓரம் வெளிப்புறம் சாய்ந்தும் இருக்கும் 30 செ.மீ. விட்டமுள்ள தாம்பாளம் ஈர மணலில் வழுக்கிக்கொண்டு போகும். ஓரம் நான்கு செ.மீ. உயர்ந்திருப்பதால் முன்னால் தள்ளும்போது மண்ணுக்குள் குத்தாது, ஒன்றிரண்டு செ.மீ. நீரிலும் உள்ளே நனையாது. வாணலி இதற்கு ஆகாது, அடி வளைந்திருப்பதால் ஆடும்.

தாம்பாளத்தின் தகடு மெல்லியது. கேமராவும் 150–600 மி.மீ. லென்ஸும் சேர்ந்து மூன்று கிலோவை நெருங்கும். அந்தச் சுமையை நடுவில் ஒரே ஓர் ஆணியில் நிறுத்தினால் தகடு குழிந்து அதிரும். ஆகவே 6 மி.மீ. தடிமனுள்ள அலுமினிய வட்டத் தகடு ஒன்றை, கையகல அளவில் அண்ணன் லேத்தில் கடைந்து, தாம்பாளத்தின் உட்புறம் நடுவில் வைத்து நான்கு சிறு திருகுகளால் இறுக்கினார். அதன் நடுவே துளையிட்டு, கீழிருந்து மேலாக ஒரு மரையாணியை ஏற்றினோம். ஆணியின் தலை அடியில் துருத்திக்கொண்டு மணலைக் கீறாமல் இருக்க, தலையைச் சாய்த்துச் சீவி, தாம்பாளத்தின் அடியோடு சமமாக அமர்த்தினார்.

இந்த மரையாணியில்தான் பலருக்கும் சிக்கல் வருகிறது. கேமராவை முக்காலியில் தாங்கித் திருப்பும் ட்ரைபாட் தலைகளின் அடியில் இருக்கும் மரை பெரும்பாலும் 3/8 அங்குலம், அதாவது பட்டறையில் சொல்லும் மூணு நூல். அங்குலத்துக்கு 16 மரை. கடையில் எளிதாகக் கிடைக்கும் 10 மி.மீ. போல்ட்டைப் பார்த்தால் இரண்டும் ஒன்று போலத் தோன்றும். ஆனால் அதன் விட்டம் அரை மி.மீ. கூடுதல், மரையின் இடைவெளியும் வேறு. கட்டாயப்படுத்தித் திருகினால் தலையின் மரை அழிந்துவிடும். கேமராவின் அடியில் இருப்பது இன்னும் சிறிய 1/4 அங்குல மரை; அதற்கும் இதற்கும் தொடர்பில்லை. அண்ணன் துருப்பிடிக்காத எஃகுக் கம்பியில் 16 மரையைத் தாமே வெட்டிக் கொடுத்தார். லேத் வசதி இல்லாதவர்கள் பழைய ட்ரைபாட் ஒன்றின் நடுக்கம்பியிலிருந்து அந்த ஆணியைக் கழற்றிக்கொள்ளலாம்.

துருப்பிடிக்காத எஃகும் அலுமினியமும் உப்புநீரில் நேரடியாகத் தொட்டுக்கொண்டிருந்தால், அலுமினியம் அரிக்கப்பட்டு வெள்ளைப் பொடியாக உதிரத் தொடங்கும். இரண்டு உலோகங்களுக்கு நடுவே உப்புநீர் புகுந்தால் மின்கலத்தில் நடப்பதே அங்கேயும் நடக்கிறது. அதைத் தடுக்கப் பழைய சைக்கிள் டியூபை வட்டமாக வெட்டி, ஆணிக்கும் தகட்டுக்கும் நடுவில் இரண்டு பக்கமும் வாஷராகப் போட்டோம். அதே டியூப் துளை வழியே நீர் ஏறாமலும் காக்கிறது. கடைசியாக, தாம்பாளத்தின் பளபளப்பு வெயிலில் கண்ணைப் பறிக்கும் என்பதால் மணல் நிறத்தில் மங்கலான பெயிண்ட் அடித்தோம். மேலே ஒரு குட்டையான உருண்டைத் தலையைப் பொருத்திய பிறகு, தரையிலிருந்து லென்ஸின் மையம் 18 செ.மீ. உயரத்தில் நின்றது. அரிசியோ மணலோ நிரப்பிய துணிப்பையை வைத்துக்கொண்டால் இதெல்லாம் எதற்கு என்று கேட்கலாம். காய்ந்த நிலத்தில் பை போதும். ஈர மணலில் பை நீரை உறிஞ்சிக் கனக்கும், இழுத்தால் நகராது. பறவை இரண்டு மீட்டர் நகர்ந்தால் நாமும் பையைத் தூக்கிக்கொண்டு எழுந்தாக வேண்டும், எழுந்தால் பறவை போய்விடும். தட்டைத் தள்ளிக்கொண்டே தவழலாம், அதுதான் வேறுபாடு.

இராமநாதபுரத்திலிருந்து இராமேசுவரம் 55 கி.மீ.; அங்கிருந்து தனுஷ்கோடி நிலத்தின் கடைசி முனையான அரிச்சல்முனை மேலும் இருபது கி.மீ.க்குச் சற்று அதிகம். விடியும் முன்பே கிளம்பினோம். பாம்பன் சாலைப் பாலத்தைக் கடக்கும்போது இருட்டு விலகவில்லை. 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட புதிய இரயில் பாலத்தின் விளக்குகள் மட்டும் பக்கத்தில் தெரிந்தன. கோதண்டராமர் கோயிலுக்குப் பிரியும் சாலையருகே வண்டியை நிறுத்தியபோது கிழக்கு வெளுத்திருந்தது.

இந்தப் பகுதியில் 2025 ஜூன் 5 அன்று தமிழ்நாடு அரசு பெரும் பூநாரைச் சரணாலயத்தை அறிவித்திருக்கிறது. ஏறத்தாழ 524 ஹெக்டேர் பரப்பு. ஆகவே நினைத்த இடத்தில் இறங்கி நடக்கலாம் என்ற காலம் முடிந்துவிட்டது, முடிந்தது நல்லதும்கூட. வனத்துறை ஊழியரிடம் எங்கே இருக்கலாம், எங்கே கூடாது என்று கேட்டுக்கொண்டு, பூநாரைகளைச் சாலையோரத்திலிருந்து மட்டுமே எடுப்பது, தட்டைக் கடலை ஒட்டிய வெளிக்கரையின் ஈரமணலில் மட்டுமே பயன்படுத்துவது என்று வகுத்துக்கொண்டோம்.

சாலையிலிருந்து பார்த்தால் நீர்ப்பரப்பு வடக்கே விரிகிறது. பிப்ரவரியில் சூரியன் கிழக்கிலிருந்து சற்றுத் தெற்கே தள்ளி உதிப்பதால், வடக்கே பார்த்து நிற்பவருக்கு ஒளி வலது தோளுக்குச் சற்றுப் பின்னாலிருந்து விழும். உச்சியில் முதுகுக்குப் பின்னால், பிற்பகலில் இடது தோளுக்குப் பின்னால். ஒளியைப் பொறுத்தவரை அன்று முழுவதும் இங்கே நிற்கலாம். கெடுப்பது கானல்தான். காலை எட்டரை மணிக்கெல்லாம் நீருக்கும் மணலுக்கும் மேலே காற்று நெளியத் தொடங்கிவிடுகிறது. அதற்குப் பிறகு நூறு மீட்டருக்கு அப்பால் எடுத்த எந்தப் படத்திலும் இறகின் கோடுகள் நிற்காது. கேமராவில் குறை தேடிப் பயனில்லை.

பூநாரைகள் நூறு மீட்டருக்கு அப்பால் கூட்டமாக மேய்ந்துகொண்டிருந்தன. தலையைத் தலைகீழாக நீருக்குள் விட்டு, அலகின் ஓரத்திலுள்ள மெல்லிய சீப்புப் பற்களால் சேற்றைச் சலித்து உண்ணும் பறவை என்பதால், முகம் தெரியும் படம் கிடைப்பது அரிது. தலையை உயர்த்தி விழுங்கும் அந்த ஒன்றிரண்டு நொடிகளுக்காகக் காத்திருக்க வேண்டும். இளஞ்சிவப்புப் பறவைகளோடு சாம்பல் நிறத்தவையும் நின்றன. அவை இளம் பறவைகள், அந்தச் சிவப்பு உணவிலிருந்து சேர ஆண்டுகள் ஆகும். பூநாரை நீரில் ஓடி ஓடி, எதிர்காற்றை வாங்கிக்கொண்டுதான் எழும். வாடைக்காற்று வடகிழக்கிலிருந்து வீசும் நாளில் சாலையில் நிற்பவருக்கு அது முதுகைக் காட்டிக்கொண்டு எழும். கொண்டல் கிழக்கிலிருந்து வீசினால் பக்கவாட்டில் நீளமாக ஓடும். அன்று வாடை. ஆகவே எழுகிற படத்தை எதிர்பார்த்து நேரத்தைக் கழிக்காமல், நிற்கும் கூட்டத்தை மட்டும் எடுத்துக்கொண்டு விரைவில் கிளம்பினோம். பறவைகளை எழுப்புவதற்காகக் கைதட்டுகிறவர்களையும் கல் எறிகிறவர்களையும் இதே சாலையில் பார்த்திருக்கிறேன். நெடும் பயணத்துக்குக் கொழுப்பைச் சேர்த்துக்கொண்டிருக்கும் பறவையை ஒரு படத்துக்காக ஓடவிடுவது வெறும் திருட்டு.

வெளிக்கரையில் தட்டை இறக்கியபோது மணி ஏழைத் தாண்டவில்லை. அங்கே முதலில் தெரிந்தது, காற்று அடிக்கும் கரையில் தரைமட்டப் படம் என்பது மணலோடு போடும் சண்டை என்பதுதான். காற்று கிளப்பும் மணல் பெரும்பாலும் தரையை ஒட்டியே தத்திச் செல்கிறது. நின்றால் கணுக்காலில்தான் குத்தும், 18 செ.மீ. உயரத்தில் வைத்த லென்ஸுக்கு நேர் முகத்தில் அடிக்கும். ஆனால் ஈர மணல் பறக்காது. எனவே அலை வந்து திரும்பும் ஓரத்திலிருந்து காய்ந்த மணல் தொடங்கும் இடம் வரை உள்ள ஈரப்பட்டையை விட்டு வெளியே போகக் கூடாது என்பது முதல் விதி. லென்ஸின் முன்னால் மாட்டும் ஒளிமறைப்புக் குழலை (ஹூட்) தலைகீழாக இல்லாமல் நேராகப் பொருத்தி, லென்ஸின் உடலைப் பழைய வேட்டித் துணியால் சுற்றி, நூலால் கட்டியிருந்தோம். ஜூம் லென்ஸை நீட்டிச் சுருக்கும்போது மணல் குழலுக்குள் இழுக்கப்படும் என்பதால், வண்டியிலேயே 600 மி.மீ.க்கு நீட்டி, அன்று முழுவதும் அந்த நிலையிலேயே வைத்திருந்தேன்.

இரண்டாவது விதி, காய்ந்த மேல்மணல் பக்கம் போகவே கூடாது என்பது. சிப்பித் துண்டுகள் சிதறிய அந்த மணலில்தான் அனுமன் உப்புக்கொத்தி முட்டையிடும். சிறு குழிதான் கூடு, முட்டை மணல் நிறம், கண்ணுக்கே தெரியாது. பருவம் தொடங்கும் நேரம் இது. பறவை ஒரு சிறகைத் தொங்கவிட்டு அடிபட்டது போல நடித்து ஓடினால், நாம் கூட்டுக்கு அருகில் இருக்கிறோம் என்று பொருள். படமெடுக்காமல் வந்த வழியே திரும்புவது ஒன்றே செய்யத் தக்கது. அன்று அப்படி நடக்கவில்லை. ஆனால் அந்த மேல்மணலில் நாய்களின் காலடித் தடம் நெடுக இருந்தது. சுற்றுலாப் பயணிகள் விட்டுச்செல்லும் எச்சில் உணவுதான் அவற்றை அங்கே கொண்டுவருகிறது.

கரைவலை இழுத்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் கயிற்றை விட்டுவிட்டு வந்து எங்களைப் பார்த்தார். "என்ன தம்பி, மண்ணுல படுத்துக் கெடக்கீக?" என்றார். நண்பர் விவரம் சொன்னதும், "அந்தக் குருவியா? காத்து பலமா இருந்தா ஓரத்துல நிக்காது. அங்கிட்டு, அந்தப் பள்ளத்துல தண்ணி தேங்கிக் கெடக்கும் பாருங்க, அதுல புழு பெறக்கும். அங்க போய்ப் படுங்க" என்று கையைக் காட்டினார். பாக் நீரிணைப் பகுதியில் ஓதத்தின் ஏற்றத்தாழ்வு ஒரு மீட்டருக்கும் குறைவு. கடிகாரம் பார்த்து வற்றத்துக்குக் காத்திருப்பதைவிட, காற்று நீரை எந்தப் பள்ளத்தில் தள்ளியிருக்கிறது என்று பார்ப்பதே இங்கே பயன்படுகிறது. பெரியவர் சொன்ன பள்ளத்தின் ஓரத்தில் மணல் உப்புக்கொத்திகள் ஒரு கூட்டமும், கல்திருப்பி உள்ளான்கள் சிலவும், அவற்றிலிருந்து விலகித் தனியே ஓர் இணை வெளுத்த சிறு பறவைகளும் இருந்தன.

உப்புக்கொத்தி ஓடும், சட்டென்று நிற்கும், குனிந்து கொத்தும், மீண்டும் ஓடும். இந்த ஒழுங்கைப் பிடித்துக்கொண்டால் அணுகுவது எளிதாகிறது. அது தலை குனிந்து கொத்தும்போது மட்டும் தட்டை ஒரு சாண் தள்ள வேண்டும். அது நிமிர்ந்தால் அசையக் கூடாது. முப்பது மீட்டரைவிடக் கிட்டே நாங்கள் நெருங்கவில்லை. அதற்குப் பிறகு பறவையே மேய்ந்துகொண்டு வந்தது. தரையோடு படுத்திருக்கும் உருவத்தை அவை மனிதனாக எண்ணுவதில்லை போலும். நண்பர் எனக்குப் பின்னால் பத்து மீட்டரில், கூட்டம் எந்தப் பக்கம் நகர்கிறது என்பதைப் பைனாகுலரில் பார்த்து மெல்லிய குரலில் சொல்லிக்கொண்டிருந்தார். தரைமட்டத்தில் கிடப்பவருக்குக் கேமராவின் முன்னால் இருப்பதைத் தவிர எதுவும் தெரியாது என்பதால் இரண்டாவது ஆள் மிக அவசியம். பின்னால் அலை ஏறி வருவதையும் அவர்தான் சொல்ல வேண்டும்.

இணையில் ஆண் 15 மீட்டருக்கு வந்து பக்கவாட்டில் நின்றது. அந்தத் தொலைவில் ஏ.பி.எஸ்.சி. எனப்படும் நடுத்தர அளவுச் சென்சாரில் சட்டகத்தின் அகலம் அறுபது செ.மீ.க்கு உட்பட்டது, பறவை அதில் கால்வாசியைப் பிடித்துக்கொள்கிறது. லென்ஸின் துளை எஃப் 6.3இல் இருக்கும்போது தெளிவின் ஆழம் சுமார் 16 செ.மீ.; கண்ணைக் குறிவைத்தால் உடல் முழுவதும் அதற்குள் அடங்கிவிடும். ஷட்டர் நொடியில் 1/2000 பங்கு, ஒளியுணர்வு ஐ.எஸ்.ஓ. 400. நெற்றியின் கருப்பட்டைக்குக் கீழே, அலகிலிருந்து கண் வரை, தடையில்லாத வெண்மை. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "வெள்ளையாத்தான் இருக்கு" என்று சொன்னதும், பின்னாலிருந்து அண்ணன் கட்டை விரலை உயர்த்தினார். பின்னணியில் பள்ளத்தின் மறுகரை நீலமும் பழுப்புமாக இரண்டு பட்டைகளாகக் கரைந்திருந்தது. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக, அதே பறவையை அதே தொலைவில் அண்ணன் மண்டியிட்ட நிலையில் தம் கேமராவால் எடுத்தார். அவருடைய படத்தில் பறவைக்குப் பின்னால் மணலின் ஒவ்வொரு மேடும் தெரிந்தது. அலகின் அடி மணலோடு கலந்தது. லென்ஸ் இரண்டும் ஒரே மாதிரியானவைதான்.

ஒளியளவைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். வெண்ணிறப் பறவை கருநீல நீரின் முன்னால் நின்றால், கேமராவின் தானியங்கி அளவி நீரைப் பார்த்து ஏமாந்து ஒளியைக் கூட்டிவிடும். பறவையின் வெண்மை வெறும் காகிதமாக வெளுத்துப்போகும். அங்கே ஒளித்திருத்தத்தை ஒரு படி குறைக்க வேண்டும். அதே பறவை வெளிர்மணலின் முன்னால் நின்றால் நேர்மாறு. முக்கால் படி கூட்ட வேண்டும். ஒரே பறவை மூன்று நிமிடத்துக்குள் நீருக்கும் மணலுக்கும் நடுவே ஓடிக்கொண்டிருந்தால் திருத்தத்தைத் திருகிக்கொண்டிருக்க முடியாது. வெயில் சீராக இருக்கும் காலையில், வெயிலில் நிற்கும் வெண்மையை ஒரு முறை அளந்து, கையால் நிலைநிறுத்திவிட்டு மறந்துவிடுவதே வழி.

எட்டே முக்காலுக்குத் தட்டை மூடிவிட்டோம். தரைமட்டத்தின் பெரிய குறை இதுதான்: கானல் தரையை ஒட்டிய காற்றில்தான் மிக வலுவாக இருக்கும், 18 செ.மீ. உயரத்தில் செல்லும் ஒளி முழுவதும் அதன் வழியாகவே வருகிறது. நின்றுகொண்டு எடுப்பவருக்கு ஒன்பதரை வரை படம் கிடைக்கும் இடத்தில் படுத்தவருக்குக் கிடைக்காது. கிளம்பும் வழியில் பேய்நண்டு ஒன்றின் வளையை மட்டும் பார்த்துவிட்டுச் சிறிது காத்திருந்தோம். மூன்று மீட்டர் தொலைவில் கானல் ஒன்றும் செய்வதில்லை. காம்பின் மேல் நிற்கும் இரு கண்களும் வளையின் விளிம்புக்கு மேலே முதலில் வந்தன, பிறகு உடல். தட்டு உப்புக்கொத்திக்காகச் செய்யப்பட்டது; ஆனால் அன்றைய நாளின் மிகக் கூர்மையான படம் நண்டுடையது.

நடுப்பகலில் பாம்பன் அருகே குந்துகால் பக்கம் போனோம். விவேகானந்தர் 1897இல் வந்திறங்கிய கரை அது. இப்போது மீன் இறக்குமிடம் இருப்பதால், கழிவு மீனுக்காகச் செம்பருந்துகள் தலைக்கு மேலே சுழன்றுகொண்டே இருக்கும். தரைமட்டக் கருவிக்கு அங்கே வேலையில்லை, ஆனால் நேரத்துக்கு வேலை உண்டு. மேலே வானத்தை நோக்கி எடுக்கும்போது சூடான தரையை ஒட்டிய காற்று குறுக்கே வருவதில்லை என்பதால் கானல் அவ்வளவு பாதிப்பதில்லை. உச்சிவெயிலில் பறவையின் அடிப்புறம் இருண்டுவிடும் என்பார்கள். வெளிர்மணலும் ஆழமற்ற நீரும் ஒளியைக் கீழிருந்து திருப்பி வீசுவதால் இந்தக் கரையில் அந்தக் குறை பாதியாகக் குறைகிறது. செம்பருந்தின் வெண்தலையை அளவாக வைத்து, ஷட்டரை 1/2500இல் நிறுத்திக்கொண்டோம். கொண்டை ஆலாக்கள் நீரில் பாய்வதையும் எடுத்தோம். பெரும்பாலான படங்களில் தெறித்த நீர் மட்டுமே இருந்தது.

மாலையில் மீண்டும் அதே பள்ளத்துக்குப் போனபோது காற்று தணிந்து, நீர் வேறு பக்கம் விலகியிருந்தது. மணல் உப்புக்கொத்திகள் இருந்தன, அந்த இணையைக் காணவில்லை. கரைக்கொக்கு ஒன்று, கருஞ்சாம்பல் வகை, ஆழமற்ற நீரில் இறக்கையை விரித்து நிழல் செய்து மீன் தேடிக்கொண்டிருந்தது. தொலைவில், மஞ்சள் ஒளியில், கருப்பு வெள்ளையாக இரண்டு நண்டுதின்னிகள் நின்றன. நிலத்தில் வளை தோண்டி, மணலின் வெப்பத்தை முட்டைக்குப் பயன்படுத்திக்கொள்ளும் விந்தையான கரைப்பறவை அது. படத்துக்கு எட்டாத தொலைவு. பைனாகுலரை மாற்றி மாற்றி வாங்கிப் பார்த்ததோடு சரி. இருட்டுவதற்குள் சாலையை விட்டு வெளியேற வேண்டும் என்பதால் ஆறு மணிக்கு முன்பே கிளம்பிவிட்டோம்.

வீட்டுக்கு வந்த பிறகு செய்யும் வேலையைத் தள்ளிப்போடக் கூடாது. உப்பு காய்ந்து படிகமானால் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். முதலில் சுற்றிய துணியைக் கழற்றாமல் அதன் மேலே ஊதுகுமிழால் மணலை ஊதித் தள்ள வேண்டும். பிறகு துணியைக் கீழ்நோக்கி உருவ வேண்டும். மணல் இருக்கும்போது துடைத்தால் அது உப்புத்தாளாகத் தேய்க்கும். ஊதி முடித்த பிறகே நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் லென்ஸ் குழல், கேமரா, பொத்தான்களின் ஓரம் எல்லாவற்றையும் துடைத்து, உலர்ந்த துணியால் மீண்டும் துடைத்தேன். லென்ஸைச் சுருக்கியது இதற்கெல்லாம் பிறகுதான். தட்டையும் உருண்டைத் தலையையும் தனித்தனியாகக் கழற்றித் தட்டைக் குழாயடியில் கழுவினேன். உருண்டைத் தலையைக் கழுவாமல் துடைத்து மட்டும் வைத்தேன், அதற்குள் இருக்கும் கிரீஸில் நீர் புகுந்தால் பிடிமானம் போய்விடும். டியூப் வாஷரின் அடியில் உப்பு ஏறவில்லை.

தட்டில் இரண்டு மாற்றங்கள் வேண்டும். 30 செ.மீ. விட்டம் போதவில்லை, பறவை வலப்பக்கம் நகர்ந்து லென்ஸைத் திருப்பும்போது முன்பாரம் தட்டை ஒரு பக்கம் சாய்த்து, ஓரம் மண்ணில் அமிழ்ந்தது. இரண்டாவது, தள்ளுவதற்கு ஓரத்தைப் பிடித்ததில் கைவிரல் லென்ஸின் கீழ்ப்பகுதிக்கு மிக அருகே வந்து மணலை உள்ளே தட்டிவிட்டது. பின்புறம் ஒரு சாண் நீளத்துக்குக் கைப்பிடி வேண்டும். அண்ணன் 36 செ.மீ. தாம்பாளம் ஒன்றை எடுத்துப் பட்டறையில் வைத்திருக்கிறார். கைப்பிடிக்கு அரை அங்குல அலுமினியக் குழாய் போதும் என்கிறார். வளையாமல் இருக்க முக்கால் அங்குலம் போடுவோம் என்பது என் யோசனை.